பைன் மரத்துக்குப் பளிங்கு வேஷம்

பழைய மரச்சாமான் பழுதுபார்க்கும் தொழிலில் பாதி மல்லுக்கட்டு சாமானோடு, மீதி அதைக் கொண்டுவந்தவரோடு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தூக்கிப் பார்த்தோம்

ஆக்லாந்தில், ஒனிஹங்காவில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒருநாள் லாரியில் ஒரு பீடம் வந்து இறங்கியது. ஸ்பெயினில் மூடிப்போன ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுடையது. பூசை மேடைக்குப் பின்னால் சுவரை மறைத்து நிற்குமே, தூண்களும் நடுவில் சொரூபம் வைக்கிற மாடமுமாக, அது. எல்லாம் பச்சையும் ரோஸுமாகப் பளிங்கு. நானும் கூட வேலை செய்யும் ஜெயந்தி அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தூணைத் தூக்கினோம். அது அலுங்காமல் மேலே வந்துவிட்டது. நாங்கள்தான் பின்னால் சாய்ந்தோம். உள்ளே வெறும் பைன் மரம். யாழ்ப்பாணத்துக்காரியான அக்கா தூணைத் தட்டிப் பார்த்தார்.

"பொய் எண்டாலும் வடிவான பொய், தங்கச்சி."

ராஜா உத்தரவு

தேநீர் நேரத்தில் முதலாளி டேவிடம் அதன் கதையைச் சொன்னேன். கலை வரலாறு படித்தவளுக்கு வேறு எங்கே சான்ஸ் கிடைக்கிறது? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் ராஜா, கோயில்களில் இனி மரப்பீடம் கூடாது என்றார். மெழுகுவத்தியில் தீப்பிடிக்கிறதாம், தங்கக் கொடியும் சிறகு முளைத்த குண்டுக் குழந்தைச் சம்மனசுகளும் ரசனைக் கேடாம். பழைய ரோமாபுரி மாதிரி அடக்கமான தூண், முக்கோண முகப்பு, அதுவும் கல்லில் அல்லது சாந்தில். பளிங்குக்கு வழியில்லாத ஊர்கள் என்ன செய்யும்? ராஜா கேட்ட வடிவத்தை மரத்திலேயே செய்து, மேலே பளிங்கு மாதிரி வண்ணம் தீட்டி நிறுத்திவிட்டன. டேவ் பிஸ்கட்டை நனைத்தபடியே கேட்டார்.

"அப்படியானால் போலி. போலிக்கா இவ்வளவு மரியாதை?"

அடியில் தேக்கு

பீடத்தை ஏலத்தில் எடுத்தவர் கீதா மேடம், சென்னைக்காரர். இங்கே பக்குரங்காவில் கட்டும் புதுவீட்டு ஹாலுக்கு வேண்டுமாம். ஊரில் பழைய தூண் கிடைத்தால் பெயின்டை உரித்துத் தேக்கைக் காட்டுவோமே, அதே கனவு.

"இந்தக் கலரெல்லாம் எடுத்துடும்மா. அடியில நல்ல மரமா இருக்கும். செட்டிநாட்டுத் தூண் மாதிரி வரட்டும்."

ஸ்கிரேப்பர்

டேவ் சரியென்று ஸ்கிரேப்பரை என் கையில் கொடுத்தார். என் வீசா இந்தப் பட்டறையோடு கட்டிப்போட்ட வீசா. அடுத்த மாதம் புதுப்பிக்க அவர் எழுதித் தர வேண்டும். அவர் மாட்டேன் என்றால் கணவரும் நானும் இரண்டு வயது மகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். கான்வென்டில் படித்த காலமெல்லாம் 'யெஸ் சிஸ்டர்' தவிர வேறு பதில் பழகாத வாய் வேறு.

ஸ்கிரேப்பரை மேஜையில் வைத்தேன். இந்த வண்ணம்தான் பீடம், அது போனால் மிஞ்சுவது பலகை, நான் சுரண்ட மாட்டேன் என்றேன். அதைக் கீதா மேடத்திடம் நீயே சொல் என்று டேவ் போனை நீட்டினார். சொன்னேன். தேக்கு இல்லை என்றும், ராஜாவுக்கே டிமிக்கி கொடுத்த ஊரின் கைவேலையை அழிக்க என்னால் ஆகாது என்றும், வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றும். மேடத்தின் பதில் வந்தது:

"அப்போ உரிஞ்ச இடத்தை மட்டும் சரி பண்ணிக் குடும்மா. எங்க மாமியார் கல்லுன்னே நம்பணும்."

டேவ் ஸ்கிரேப்பரை எடுத்து டிராயரில் போட்டார். வீசாவைப் பற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். பார்க்கட்டும்.

ராஜாவுக்குப் பயந்து, தீட்டியவர் கை நடுங்கியதால்தானோ என்னவோ, அந்தப் பளிங்கின் நரம்பெல்லாம் அவ்வளவு அசலாக நெளிகிறது. அந்தக் கணக்கில் இந்த வேலைக்கு என் கையைவிடப் பொருத்தமான கை ஆக்லாந்தில் கிடையாது.