பால் வெள்ளை வண்டியும் என் கழுத்தும்

எங்கள் வீட்டில் மூன்று பேர். அப்பா வாங்கிய காரில் இரண்டே சீட்டு. இதிலேயே அவர் மனசு தெரிந்துவிடும், மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன்.

அரூரில் அப்பாவுக்குப் புளி மண்டி. எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் அம்பாசிடர் வைத்திருந்தாலே பெரிய மனுஷன். அப்பாவுக்கு அது போதவில்லை. பெங்களூரில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பழைய ரேஸ் காரை வாங்கி வந்தார். பால் வெள்ளை நிறம். மேலே கூரை கிடையாது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும், ஏறி உட்காருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தீர்த்தமலை வரை போய்வந்தால் மூக்கெல்லாம் புழுதி. அம்மா ஒரே ஒருமுறை அதில் போனாள். நான் போனதே இல்லை. துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வண்டிக்கு வந்த கேடெல்லாம் அப்பா கையால் வந்தது. புளி வியாபாரிக்குப் புளியை விட்டால் வேறு மருந்து ஏது? பித்தளைக் குடம் பளபளக்கிறதே, பம்பர் பளபளக்காதா என்று, புளியை உப்போடு பிசைந்து முன்பம்பரில் அப்பி வெயிலில் ஊறவிட்டார். கழுவிப் பார்த்தால் இருந்த பளபளப்பும் போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது. அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பானட்டில் பெரிதாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். "சாமிக்கு வெச்சது, ஒருத்தரும் தொடக்கூடாது" என்று உத்தரவு வேறு. அது பாட்டுக்கு வெயிலில் காய்ந்தது. ஒருவழியாகத் துடைத்தபோது பொட்டு போனது, கறை போகவில்லை. பால் வெள்ளையில் பழுத்த இலை மாதிரி ஒரு மஞ்சள், நடுவில் ரோஸ்.

என் கழுத்திலும் ஒன்று இருந்தது. இடது காதுக்குக் கீழே, வெற்றிலை நுனி அளவுக்கு வெள்ளை. அது யாருக்கும் ஒட்டாது, ஒன்றும் செய்யாது என்று தர்மபுரி டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவின் காதில் அது ஏறவில்லை. முதன்முதலில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கண்டுவிட்டு, வைத்த டிபனைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. அதிலிருந்து அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். கழுத்தைப் பார்த்துத்தான் பேசுவார். சோறு போடு என்பதைக்கூட என் கழுத்திடம்தான் சொல்வார்.

வைகாசியில் பென்னாகரத்திலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்தது. எனக்கு அந்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அப்பாவின் வீட்டை விட்டு நான் போக வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல். பென்னாகரம் என்ன, அதையும் தாண்டி ஒகேனக்கல் பாறையில் கொண்டுபோய் வைத்தாலும் வாழ்வேன் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எனக்கு ஒரு புடவை வந்தது. வண்டிக்குப் பெயிண்டர் வந்தார்.

பெயிண்டர் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வந்ததும் குனிந்து பம்பரைத் தடவினார்.

"இதுக்கு யாருங்க மொதலாளி புளி போட்டது?"

"எல்லாம் எங்கூட்டு மகாலட்சுமிதான்" என்று அப்பா அம்மாவைக் காட்டினார்.

"பானட்டுல பொட்டு?"

"அதும் அவதான். சொன்னா கேட்டாத்தான?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வரன் வரப்போகும் வீட்டில் பெண் சத்தம் போடக்கூடாதாமே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாய் கறையைச் சுற்றித் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளைப் பெயிண்டில் ஒரு சொட்டு மஞ்சள், குச்சி நுனியில் துளி கருப்பு விட்டுக் கலக்கினார். முதலில் ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவைத்து, அதைப் பானட்டின் மேல் வைத்து வெயிலில் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி கலந்தார். "டியூப்லைட்டுல பாத்தா எல்லா வெள்ளையும் ஒண்ணுதாம்மா. வெயில்ல வெச்சாத்தான் வண்டவாளம் தெரியும்" என்றார். பிறகு பெயிண்டை அடித்து, காய்ந்ததும் காம்பவுண்டு பசை போட்டுத் தேய்த்து மெருகேற்றினார். கறை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டி ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் நடுவில் நின்று, "ஏன் பாய், கையோட இவ கழுத்துக்கும் ஒரு டச்சப் பண்ணி வுட்ருங்களேன். வெள்ளிக்கெழம ரெண்டையும் ஒண்ணா காட்டிரலாம்" என்றார்.

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். "தோலு மேல பெயிண்டு நிக்காதுங்க மொதலாளி" என்று பாயும் சேர்ந்து சிரித்தார். நான் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், பக்கெட்டோடு. நாசமாய்ப் போங்கடா என்று மனசுக்குள் அத்தனை பேரையும் திட்டினேன். வெளியில் தண்ணீர்தான் ஊற்றினேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அம்மா செய்தது அதைத்தான். பவுடர், சந்தனம், துளி கண்மை, இத்தனூண்டு காபித்தூள். குழைத்து முதலில் என் முழங்கையில் பூசி, புழக்கடை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். "இன்னுங் கொஞ்சம் கருப்பு வேணும்டி" என்று மறுபடி கலந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான். கழுத்தில் பூசியபின் எனக்கே என் வெள்ளை தெரியவில்லை.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா மூன்று பேரும் வந்தார்கள். அப்பா அவர்களை உடனே வீட்டுக்குள் கூப்பிடவில்லை. முதலில் வண்டியைத்தான் காட்டினார். மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தும் பார்த்தார். பிறகு கூடத்தில் நான் பஜ்ஜியும் காபியும் கொண்டுபோனபோது என்னை நிமிர்ந்து பார்த்து, சரி என்பதுபோல் அவருடைய அம்மாவிடம் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடி பெண்ணே, தப்பித்தாயடி என்று நினைத்தேன்.

பெண் பிடித்துவிட்டால் பூ வைத்துவிட்டுப் போவது வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா என்னை உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தார். வைகாசிப் புழுக்கம், ஏற்கனவே வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். பூ வைக்க அந்தம்மா என் பின்னலைத் தூக்கி ஒதுக்கினார். விரல் கழுத்தில் பட்டது. பூவை வைக்காமல் தன் விரலையே பார்த்தார். பூவைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார்.

"பொண்ணுக்குக் கழுத்துல வெள்ள இருக்குதுங்களே. பூசி மறைச்சிருக்கீங்க" என்று அவர் கூடத்தில் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் அம்மாவுக்கும் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பாதான் தொண்டையைச் செருமினார். "நாம ஒண்ணும் இத பெருசு பண்ண வேணாங்க. பையனுக்கு அந்த வண்டி மேல ஆசையாப் போச்சு. பொண்ணோட அதையும் குடுத்துட்டீங்கன்னா நாங்க அனுசரிச்சிக்கிறம்."

அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். ஒரு ஓட்டை வண்டி! அதற்குள் மழை பெய்தால் மழை, புழுதி அடித்தால் புழுதி. அதைக் கொடுத்தால் நான் வெளியே போய்விடலாம். அப்பா கொஞ்சம் யோசித்திருந்தால்கூட இன்றைக்கு நான் இவ்வளவு பேச மாட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"வண்டி மட்டும் முடியாதுங்க" என்றார் உடனே. "பொண்ணு இங்கியே இருந்துட்டுப் போவட்டும். வூட்ல சோத்துக்கா பஞ்சம்?"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வாசலிலிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்த வாத்தியாரு போறப்ப பஜ்ஜி தின்ன கையோட பானட்டுல கை வெச்சுட்டான் பாரு. துணி கொண்டாந்து தொட. எண்ணெ எறங்குனா பெயிண்டு கெட்டுரும்."

போனேன். துடைத்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா பக்கத்தில் நின்று நான் அழுத்தித் தேய்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டுக் கறை இருந்த இடத்தைக் காட்டி, மெதுவாகத்தான் சொன்னேன்.

"இந்த எடம் மட்டும் தனியாத் தெரியுதேப்பா."

"எங்க?"

"வெயில்ல பாருங்க. சுத்தி ஒரு கலரு, இங்க ஒரு கலரு. அவங்க வந்தப்பவே தெரிஞ்சுது. மாப்ளயோட பெரியப்பாகூட உத்துப் பாத்தாரு."

அப்பா குனிந்தார். தலையைச் சாய்த்தார். இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். அவர் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஆமா" என்றார். "தெரியுது."

ஒன்றும் தெரியவில்லை. பாய் கலந்த கலர் அவ்வளவு சுத்தம். மறுபடி கூப்பிட்டபோது பாய் அல்லா மேல் சத்தியம் செய்தார், அப்பா கேட்கவில்லை. அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி அடிக்கச் சொன்னார். இந்த முறை நிஜமாகவே கொஞ்சம் வித்தியாசம் வந்தது. இன்னும் பெரிதாகச் சுரண்டச் சொன்னார். அந்த வருஷம் முழுக்க இதே வேலை. கடைசியில் பானட் ஒரு வெள்ளை, கதவு ஒரு வெள்ளை என்று ஆகி, பானட்டில் பெயிண்ட் தடித்து வெடிக்க ஆரம்பித்தது. நல்லா வேணும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

வண்டியை வெளியே எடுப்பது குறைந்துபோனது. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் வண்டியைப் பார்க்கக் கேட்பார்கள், அப்பாவால் மறுக்க முடியாது. வெடித்த இடத்தை மறைத்தபடி பானட்டில் சாய்ந்து நின்றுகொள்வார். அவர்கள் பேசி முடித்துவிட்டுப் போகும்வரை அந்த வெயிலிலிருந்து நகர மாட்டார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே, நான் வந்தவர்களுக்கு நிதானமாகக் காபி ஆற்றுவேன்.