வெள்ளாட்டுக்கு முருங்கைக்கீரை

முதியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலையில், காங்கேயம் பக்கத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். இடுப்பில் வேட்டி நிற்காத மெலிவு. எழுந்தாலே தலை சுற்றுகிறது என்றார். மூன்று வேளையும் ரசஞ்சோறுதான். பேசிக்கொண்டே முருங்கைக் கிளையை ஒடித்துத் தன் வெள்ளாடுகளுக்குப் போட்டார்.

"ஏனுங்கய்யா, அந்தக் கீரையில ஒரு கைப்பிடி நீங்க தின்னா என்னங்க?"

"ஆடு எளைச்சுப்போச்சுன்னா சந்தையில ஏவாரி தொடமாட்டானுங்க, அம்மணி. என்னைய ஆரு தூக்கிப் பாத்து வாங்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். இரும்புச்சத்து, புரதம் எல்லாம் நன்றாக விளக்குவேன். ஒரு மனிதர் தன்னை ஆட்டுக்கும் கீழே வைத்துவிட்டுச் சிரித்தால் என்ன சொல்வது? இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.