ஏழு நிமிடமும் கொஞ்சம் ஸ்ட்ராபெரி ஆவியும்

ஜிம் மாஸ்டர் என்றால் எடை தூக்கக் கற்றுக்கொடுப்பவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். காலை ஐந்தரை மணியிலிருந்து அடுத்தவர் சாக்குகளைத் தூக்கிச் சுமப்பவன் என்பது, விசில் ஊதிப் பிழைக்கும் உங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் சிலருக்குத்தான் தெரியும். தென்காசியில், குற்றாலம் போகும் சாலையில், ஒரு மாடி ஜிம்மில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், படித்தது உடற்கல்வி. தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில் அர்த்தம் இருந்தது என்பதற்கு ஆதாரம் கீழே.

சாரல் மாதிரி

புதிதாகச் சேருபவரை மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கச் சொல்லி, நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது என் பழக்கம். ஜிம் ஓனர் அண்ணாச்சி அதை ஜோசிய நோட்டு என்பார். வடகரையிலிருந்து வந்த இசக்கிமுத்துவை அப்படி ஏறி இறங்கச் சொன்னபோது இரண்டாவது நிமிடத்திலேயே இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். இனி ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். மைதானத்தில் முதல் நாள் ஓடியது எட்டு நிமிடம் நாற்பது விநாடி. வயது வரம்பின்படி இதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

சிகரெட்டை விட்டால்தான் பயிற்சி என்று கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டே வாரத்தில் விட்டுவிட்டான். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நாள் பையிலிருந்து ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினான். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த நண்பன் கொடுத்த வேப், அதாவது பேட்டரியில் ஓடும் மின் சிகரெட். ஒரு இழுப்பு இழுத்து, வெள்ளையாக ஊதிவிட்டுச் சொன்னான்: "இதுல புகையே கிடையாது மாஸ்டர், வெறும் ஆவி. அருவிக்கரையில நம்ம மூஞ்சில அடிக்குதுல்லா சாரல், அந்த மாதிரிதான்."

வாசனை

ஒரு வாரத்தில் ஜிம்மில் வியர்வை நாற்றம் குறைந்து ஸ்ட்ராபெரி மணக்கத் தொடங்கியது. எடை தூக்கும் இடைவெளியில் இசக்கி கண்ணாடிக்குப் பின்னால் போய்வருவது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி மாடியேறி வந்தார். மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"ஏலே, யாருல இந்த ஸ்ப்ரே அடிச்சது? நல்லாருக்கே, தெனமும் அடிங்கலே!"

பாதி வாக்கியம்

ஒரு மாதத்தில் இசக்கி ஏழு நிமிடம் ஐம்பது விநாடிக்கு வந்துவிட்டான். காலை இருமலும் நின்றிருந்தது. அன்று எல்லோரும் இருக்கும்போது கேட்டான்: "மாஸ்டர், சிகரெட்டுக்கு இது எவ்வளவோ தேவலதான?" நான் படித்ததை உள்ளபடி சொன்னேன். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சிகரெட்டை அடியோடு விட்டால் அது போய்விடும், ஓடும்போது மூச்சு கொஞ்சம் இலகுவாகலாம், ஆனால்...

அந்த 'ஆனால்' கைத்தட்டலில் அமுங்கிப்போனது. அதற்குப் பின்னால் நான் சொல்லவிருந்தவை: நிக்கோட்டின் அப்படியேதான் இருக்கிறது, அது இதயத்தை விரட்டும், ஆவியும் மூச்சுக்குழாயை உறுத்தும், நெடுநாள் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். எனக்கும் கைத்தட்டல் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுவாரம் இன்னும் மூன்று பேர் கையில் அந்தப் பேனா. அவர்களில் ஒருவன் வாழ்நாளில் சிகரெட்டே தொடாதவன். உனக்கெதற்கடா என்றேன். நிதானமாகப் பதில் சொன்னான்: "பின்னாடி சிகரெட் பழக்கம் வந்துட்டா விடுதது கஷ்டம் மாஸ்டர். அதான் முன்கூட்டியே மாறிக்கிட்டேன்."

உட்கார்ந்தபடி கார்டியோ

இசக்கியின் நேரம் ஏழு நிமிடம் இருபது விநாடியில் நின்றுவிட்டது. குற்றாலம் சாலையின் சின்ன ஏற்றத்திலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசாரித்தபோதுதான் கணக்கு புரிந்தது. சிகரெட்டுக்குக் கடைக்குப் போக வேண்டும், தெரிந்தவர் கண்ணில் படாமல் ஒதுங்க வேண்டும், அணைந்தால் முடிந்தது. இதற்கு எதுவும் வேண்டாம். பஸ்ஸில், குளியலறையில், போர்வைக்குள், எப்போதும் கையிலேயே இருக்கிறது. சிகரெட்டில் பத்தோடு ஓய்ந்த கை, இதில் ஓயவே இல்லை.

ஒரு காலை அவனை உட்காரவைத்து நாடியை எண்ணினேன். பிறகு இழுக்கச் சொல்லி, மறுபடி எண்ணினேன். கூடியிருந்தது. இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஒரு கணம் பயந்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்புறம் சிரித்தான்.

"ஓடுனா நாடி கூடணும், அதுதான் கார்டியோன்னு நீங்கதான சொன்னீங்க? இது உக்காந்த எடத்துலயே கூட்டுதுல்லா மாஸ்டர்!"

போர்டு

இங்கே வேப் இழுக்கக் கூடாது, நாட்டில் இதன் விற்பனைக்கே தடை என்று ஒரு அட்டையில் எழுதி, அண்ணாச்சியிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனேன். ஸ்ட்ராபெரி எங்கிருந்து வந்தது என்பதையும் அன்றுதான் சொன்னேன். அவர் அட்டையை இரண்டு முறை படித்தார். எழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு அதை மேஜை டிராயரில் வைத்து மூடினார்.

"நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா போர்டு வச்சம்னா, இங்கன அது நடக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்லா தம்பி?"

கடைசிச் சுற்று

ஓட்டத் தேர்வன்று நானும் போயிருந்தேன். இசக்கியின் அப்பாவும் வந்திருந்தார். தென்னந்தோப்பு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில். உள்ளே போவதற்கு முன் இசக்கி சுவருக்குப் பின்னால் போய், பதற்றத்துக்கு என்று நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்தான். "உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க, வச்சிருங்க மாஸ்டர்" என்று அதை என் கையில் திணித்தான். நான் வாங்கி பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். மூன்று சுற்று வரை நன்றாகத்தான் ஓடினான். மிச்சமிருந்த முக்கால் சுற்றில் வாய் பிளந்துகொண்டது, தோள் தூக்கிக்கொண்டது, கால்கள் மணலில் ஓடுவதுபோல் ஆகிவிட்டன. கோட்டைத் தொட்டபோது என் ஸ்டாப்வாட்சில் ஏழு நிமிடம் நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியும் வேப்பால்தான் போனது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இல்லை என்று சாதிக்கவும் முடியாது.

இசக்கி புல்லில் குப்புறக் கிடந்தான். அவன் அப்பா வேலியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் பேண்ட் பையில் அந்த வேப் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"இதுக்காவ சிகரெட்டக்கூட விட்டுட்டான தம்பி... பெறவு எப்படி?"

நம் தொழிலில் உண்மையைப் பாதியில் நிறுத்தினால், மீதித் தூரத்தை வேறொருவன்தான் ஓடித் தீர்க்க வேண்டியிருக்கிறது, அதுவும் நான்கு விநாடி தாமதமாக.