செம்மேட்டுப் பொம்மைக் கடையும் பலாத்தோல் அரக்கியும்

தையல்காரியிடம் யாரும் தங்கள் உண்மையான இடுப்பளவைச் சொல்வதில்லை. ஆனால் உள்ளுக்குள் யாராக ஆசைப்படுகிறார்கள் என்பதை, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுகிறார்கள்.

கொல்லிமலையில், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. பள்ளிச் சீருடை, ரவிக்கை, ஓரம் அடிப்பது என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு பறக்கும் வீரன், இரும்பு மனிதப் பொம்மை, வேற்றுக்கிரகத்து ராணி என்று ரசிகர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எந்தப் படம், எந்த விளையாட்டு என்று பெயர் மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால், "அவனுக்குப் பெல்ட்டு செவப்பு இல்லீங்க, நீலம்" என்று சண்டைக்கு வர ஒரு கூட்டமே இருக்கிறது. பிடித்த வேலையைச் செய்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே சாதி.

பறக்கிறவனுக்குப் பை

வேஷத்துக்கு வந்த முதல் வாடிக்கையாளர் திருப்புலி நாட்டு மிளகு விவசாயி ஒருவர்; மலையில் ஊர்க் கூட்டத்தை நாடு என்போம். மகனின் பிறந்தநாளுக்கு முதுகில் தொங்கும் சிவப்புத் துணி வைத்த வீரன் சட்டை வேண்டும் என்றார். செல்போனில் படத்தைக் காட்டினேன். அதில் இருந்தபடியே தைத்தும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் உள்ளேயும் வெளியேயும் புரட்டினார். முகம் வாடிவிட்டது.

"பை எங்கீங்க?" என்றார். வானத்தில் பறக்கிற வீரனுக்குப் பை கிடையாது, படத்திலும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவர் மசியவில்லை. "பறக்கறவனா இருந்தா என்னங்க, மழை வந்துச்சுன்னா பஸ்ஸுலதான வரோணும்? காசு எங்க வெப்பான்?"

ஷட்டர் எதற்கு?

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் ஜீப் ஓட்டுகிறார். நாங்கள் ராசிபுரம் பக்கத்து ஆட்கள். கடை இருக்கும் அறை அவருடைய அண்ணன், அதாவது என் மச்சாண்டார் பெயரில் இருக்கிறது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கடைக்குள் தொங்கும் முகமூடிகளைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பல் கூசும். அந்த அறையில் உரக்கடை வைக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

சேலத்தில் இந்த மாதிரி வேஷங்களுக்கு ஒரு போட்டி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, பிரின்ஸி சிஸ்டர் என்னிடம் வந்தார். அவர் இங்கே அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், ஈரோட்டுக்காரர். பகலில் ஊசி போடும்போது ஊரே நடுங்கும். அவருக்கோ செதில் கவசம் போட்ட விண்வெளி அரக்கியாக மேடை ஏற வேண்டும் என்று கனவு. இருவரும் படத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோதுதான் மச்சாண்டார் உள்ளே நுழைந்தார். சங்கதி தெரிந்ததும் அங்கேயே தீர்ப்பும் சொன்னார்: பரிசோடு வந்தால் அறை தொடர்ந்து என் கடைக்கு, வெறும் கையோடு வந்தால் ஆவணியில் உரக்கடை. "சரீங்க மாமா" என்றேன். போகும்போது அவர் பாதி இறங்கியிருந்த ஷட்டரைத் தட்டிக் காட்டினார். "பொம்ம தெக்கற கடைக்கு இது எதுக்கு அம்மிணி? தொறந்து போட்டாலும் எவன் திருடப் போறான்?"

அன்று இரவு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

வாந்தி எடுக்காத பயணி

நடுவில் நாமக்கல் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு அட்டைப்பெட்டி இயந்திர மனிதன் செய்திருந்தேன். ஆள் உயரம். மடக்க முடியாது, பஸ் மேலே கட்டினால் நசுங்கும். எனவே ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். நம் மலைப்பாதை உங்களுக்குத் தெரியும். எட்டாவது வளைவிலேயே பாதி பஸ் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. முன் சீட்டு அம்மா ஒருவர் திரும்பி, எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து இயந்திர மனிதனின் கையில் வைத்தார். உள்ளே ஆள் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கண்டக்டர் அதுவரை என்னோடு பேசவே இல்லை. சீட்டை அடைத்துக்கொண்டு வந்தேன் என்று கோபம். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நின்றபோது உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டித் தலையைத் தட்டிக்கொடுத்தார். "எழுவது வளவும் எறங்கி, கமுக்கமா வந்த ஒரே ஆளு இவருதானுங்க."

ஆடு தின்ற தலைக்கவசம்

இனி என் முட்டாள்தனம். மலையில் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. அதன் மாவைக் காய்ச்சினால் அருமையான பசை கிடைக்கும். பழைய பேப்பரை அதில் ஊறவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அரக்கியின் தலைக்கவசத்தையும் தோள்பட்டைகளையும் செய்து முடித்தேன். செதில்களைக் கூட ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். பனிமூட்டம் விலகி நல்ல வெயில் அடித்தது. கடை வாசலில் காய வைத்துவிட்டு, பிரின்ஸி சிஸ்டருக்குக் காட்டலாம் என்று கூப்பிடப் போனேன். அன்று சந்தை நாள் என்பதை மறந்துபோனேன்.

நாங்கள் திரும்பி வரும்போது வளப்பூர் நாட்டிலிருந்து வந்த ஆடு ஒன்று கடைசித் தோள்பட்டையை மென்றுகொண்டிருந்தது. தலைக்கவசத்தில் ஒரு கொம்பு மட்டும் மிச்சம். கிழங்கு வாசம் அதற்குத் தெரியாதா? போட்டி நெருங்கிவிட்டது, அறை போனது போனதுதான் என்று நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிரின்ஸி சிஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆட்டுக்காரர் பெரியண்ணன் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "ஏனுங்க, பேய்த் தலையத் தின்னுபோட்டு என்ற ஆட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

முள்ளுக்கு எண்ணெய்

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பெரியண்ணன் சமாதானமாக, இன்னும் சரியாகப் பழுக்காத இரண்டு பலாப்பழங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று பெரியது, ஒன்று என் தலை அளவு. கோபத்தில் அவற்றை நான் தொடவே இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, முள் முள்ளாக, வரிசை தப்பாமல், நான் கத்தரித்து ஒட்டியதைவிடப் பத்து மடங்கு நல்ல செதில்கள்! எழுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பழத்தின் தோலில் தேங்காயெண்ணெய் தடவினேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையில் நனைத்து, முள்ளுக்கு முள் அழுத்தி ஒட்டினேன். மரவள்ளிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வெளியே பனி இறங்கிவிட்டதால் கரி இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டிக் காட்டியே உலர்த்தினேன். காய்ந்ததும் ஓரத்தில் வெட்டி உரித்தால், பலாத்தோல் அப்படியே துணியில் வந்திருந்தது. சின்னப் பழம் தலைக்கு, பெரிய பழம் இரண்டு தோளுக்கு. கறுப்பு அடித்து, மேலே செம்பு நிறம் தேய்த்தேன். பிரின்ஸி சிஸ்டர் போட்டுக்கொண்டு திரும்பியபோது எனக்கே ஒரு நிமிடம் பயமாக இருந்தது. ஆனால் அந்தச் சூட்டில் இரண்டு பழமும் பழுத்துவிட்டன. வாசம் கவசத்தில் ஏறி, எதைப் போட்டாலும் போகவில்லை. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, கவசத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தோத்தாலும் பரவால்ல செல்வி, ஒரு வாரத்துக்குச் சொளைக்குப் பஞ்சமில்ல."

சேலத்து மேடை

போட்டிக்கு வந்தவர்களைப் பார்த்தேன். இணையத்தில் வரவழைத்த கவசம், விளக்கு எரியும் வாள், புகை விடும் முதுகுப் பெட்டி என்று ஆளுக்கொரு தினுசு. நான் மேடை ஓரத்தில் நின்று சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பிரின்ஸி சிஸ்டருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. பிள்ளைகளைத் தடுப்பூசிக்குப் பிடிக்கப் போகிற அதே நடையில் மேடை ஏறினார். முன்வரிசை தானாகப் பின்னால் சாய்ந்தது.

நடுவர் ஒருவர் கிட்டே வந்து தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார். எந்த மெஷினில் அச்சடித்தது என்று கேட்டார். "எங்க செல்வியக்கா கையில" என்றார் சிஸ்டர். நடுவர் குனிந்து முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். அரக்கியிடம் பலாப்பழ வாசம் வருகிறதே என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் பரிசு வேறு யாருக்கோ போனது. இரண்டாவதும் போனது. அடுத்து எங்கள் பெயரைச் சொன்னார்கள். நான் அழுதேன், வெட்கப்படாமல் சத்தமாகவே அழுதேன். பிரின்ஸி சிஸ்டர் கேடயத்தை என் கையில் திணித்துவிட்டு, நடுவரின் பழைய கேள்விக்கு மைக்கில் பதில் சொன்னார். "இவ கொல்லிமலைல பொறந்த அரக்கிங்க சார், வேற என்ன வாசம் வரும்?"

பூட்டு

கேடயத்தோடு மலை ஏறினோம். அதே கண்டக்டர்தான். செம்மேட்டில் பஸ் நிற்பதற்குள் சன்னல் வழியே ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டார். டீக்கடையிலிருந்த கூட்டம் எழுந்து வந்தது. பெரியண்ணன் ஆட்டோடு நின்று, பரிசு வாங்கியது தன் தோப்புப் பழம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாண்டார் மட்டும் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தார். கேடயத்தை ஒரு பார்வை பார்த்தார், எழுந்து போய்விட்டார். சொன்ன சொல்லை மாற்றிவிடுவாரோ?

மறுநாள் காலை கடைக்குப் போனால், அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். உரக்கடைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் பேசி முடித்துவிட்டாராம். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. புதிதாக வாங்கிய, உள்ளங்கை அகலப் பித்தளைப் பூட்டு ஒன்றை ஷட்டரில் மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார். "இனிமே தொறந்து போட்டுட்டுப் போயிராத அம்மிணி. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

ஆக, ஊர் நம் தொழிலை மதிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பூட்டே போதும், அதன் இரண்டு சாவிகளில் ஒன்று இன்னும் மச்சாண்டாரின் இடுப்பில் தொங்கினாலும்.