யோகராணி அக்காவை இரண்டு முறை பதிந்தேன்

யோகராணி அக்கா இன்று காலை ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார்...

ஊழியர் விபரம் பார்க்கும் ஆளணிப் பிரிவிலிருந்து போன் கோல் வந்தது. “தம்பி, யோகராணி அக்கா மோசம் போயிட்டா. சிஸ்டத்திலை பதியப் பார்த்தன், ஏலாமல் கிடக்கு. ஏற்கெனவே இறந்தவ எண்டு காட்டுது.”

அதைப் பதிந்தவன் நான்.

அக்கா எங்கள் கம்பெனியின் களஞ்சியப் பொறுப்பாளர். துறைமுகப் பக்கம் பார்த்த ஜன்னலோரம், என் மேசைக்கு எதிர் மேசை.

நான் அங்கே ஆளணி, கேட், கன்டீன், நலன்புரி என்று தனித்தனியாகக் கிடந்த சிஸ்டங்களை இணைத்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் பதிந்தால் மற்ற எல்லா இடத்துக்கும் தானாகச் செய்தி போக வேண்டும்.

இடமாற்றம், ஓய்வு எல்லாம் டெஸ்ட் பண்ணியாயிற்று. மிச்சம் ‘இறப்பு’. அதற்கு யாரும் தங்கள் ஊழியர் நம்பரைத் தரவில்லை.

“என்ரை நம்பரைப் போடுங்கோ தம்பி. எழுத்திலை செத்தால் ஆள் சாகிறதே?” என்றார் அக்கா.

போட்டேன். டெஸ்ட் என்று நினைத்துத்தான் அழுத்தினேன்... ஓர் இணைப்பு மட்டும் உண்மையான சிஸ்டத்துக்குப் போய், அங்கிருந்து எல்லா இடத்துக்கும் பரவியிருக்கிறது. என் பிழை.

மறுநாள் கேட்டில் அவருடைய கார்டுக்குச் சிவப்பு லைட். காவலாளி திரையைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றுவிட்டாராம். “அக்கா... நீங்கள் செத்துப்போனதாக் காட்டுது.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கன்டீனில் சாப்பாடு இல்லை என்றபோதும் சிரித்தார்.

ஒவ்வொரு சிஸ்டமாகக் கையால் திருத்த மூன்று நாள் எடுத்தது. இறந்தவர் திரும்பி வருவார் என்று நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லையே.

அதற்குள் நலன்புரி சிஸ்டத்திலிருந்து தானாகவே அவருடைய கணவர் பெயருக்கு ஓர் அனுதாபக் கடிதம் லிங்கநகர் வீட்டுக்குப் போய்விட்டது. அக்காவே வாசலில் நின்று வாங்கியிருக்கிறார்.

அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அன்று சிரிக்கவில்லை. “இவர் வாசிச்சுப்போட்டுச் சாப்பிடேல்லை. என்ரை கையைப் பிடிச்சபடி இருந்தவர்.”

பிறகு மெல்லக் கேட்டார். “தம்பி, நான் இப்ப எல்லா இடத்திலையும் திரும்பி வந்திட்டனோ?”

“ஓம் அக்கா.”

அக்காவை இறந்தவராகவே வைத்திருந்த பழைய பேக்கப் பிரதி ஒன்று இருந்ததை நான் பார்க்கவில்லை...

போன செவ்வாய் காலை சேர்வர் மாற்றினோம். அந்தப் பிரதியிலிருந்து ஆளணிப் பதிவு திரும்ப ஏறியிருக்கிறது. அக்கா வீட்டுக் குசினியில் மயங்கி விழுந்ததும் செவ்வாய் காலை. நேரத்தை அவருடைய மகளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்றைய திகதியில் இறப்பைப் பதிய வேண்டுமென்றால், முதலில் அவரை ‘உயிருடன்’ என்று மாற்ற வேண்டும். வேறு வழியில்லை.

மாற்றினேன். கேட், கன்டீன், நலன்புரி... எல்லா இடத்துக்கும் செய்தி போனது. எல்லாம் ஏற்றுக்கொண்டன.

பத்து நிமிஷம் அப்படியே விட்டேன். எதிர் மேசைப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு பதிந்தேன்.

நாளை மூன்று மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ... போயிட்டு வாங்கோ அக்கா.