பஸ்ஸை நிறுத்தும் வார்த்தை

பம்பாயில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஓடுகிற பஸ்ஸை நிறுத்திவிடும். சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன்.

தாராவியில் துணி தைக்கிற பட்டறையில் எனக்கு வேலை. அன்றைக்கு கிங்ஸ் சர்க்கிளில் நூல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பின்னால் நின்றவன் கை என் இடுப்பில் ஊர்ந்தது. நான் மூச்சுவிடவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பழக்கம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் நாம் இறங்கிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கையில் ஒரு தடவை அம்மாவிடம் வாயைத் திறந்துவிட்டேன். "இனி பஸ்ஸும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம்" என்று அப்பா முடித்துவிட்டார். கை வைத்தவன் அதே பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தான், நாசமாய்ப் போறவன்.

பக்கத்தில் நின்ற மராத்திக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். "க்யா ஹுவா? மிஸ்பிஹேவ் கியா?" என்றாள். என்ன ஆச்சு, தப்பாக நடந்தானா என்று கேட்கிறாள். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். "மிஸ்பிஹேவ் கர்தா ஹை!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. அம்மாடி! நாம் காதோடு காதாகச் சொல்கிற விஷயத்தை இப்படித் தொண்டை கிழியச் சொல்லலாமா?

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். நூல் பையை எடுத்துக்கொண்டு நானே இறங்கப் போனேன். கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். "நீங்க எங்க போறீங்க தாயீ? இறங்க வேண்டியது அவன்" என்றார் இந்தியில். அவனை இறக்கிவிட்டார்கள். எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். ஏன் தனியாக வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி வேலைக்குப் போகாதே என்றுவிடுவாரோ என்ற பயத்தோடுதான் ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அவன எறக்கி விட்டாவளா?"

"ஆமா."

எழுந்து விளக்கை அணைத்தார். "சரி, நாளைக்கு வேலைக்குப் போணும்லா, படு" என்றார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே இறங்கப் பார்த்தது. முகம் செத்திருந்தது. அதன் பின்னால் ஒருவன் ஒட்டி நின்றான். எனக்கா தெரியாது? "மிஸ்பிஹேவ் பண்ணுதான்! வண்டிய நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

பஸ் நின்றது. ஆனால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "எந்த ஊரும்மா நீ? பஸ்ஸுக்குள்ள வம்பு வளக்காம எறங்கு" என்றார் கண்டக்டர்.

எந்த ஊர் என்று சொல்ல? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எறங்க வேண்டியது நாங்க இல்ல அண்ணாச்சி" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கால் இரண்டும் படிக்கட்டுப் பக்கமே திரும்பி நின்றன.