ஐந்தாவது தகடு

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. காது நன்றாகவே கேட்டது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். படகுத்துறையில் ஹாரன் ஊதினால் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பாள். அம்மா என்று மட்டும் சொல்லமாட்டாள்.

எர்ணாகுளத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் காட்டினோம். "பொத்தானை அமுக்கினா அதுவே பாடுற பொம்மை வேண்டாம்" என்றார் அவர். "இவ தட்டினாத்தான் சத்தம் வரணும். மெல்லத் தட்டினா மெல்ல, ஓங்கித் தட்டினா ஓங்கி. தன்னாலதான் அது வருதுன்னு அவளுக்குத் தெரியணும். அப்படி ஒண்ணு வாங்கிக் குடுங்க."

என் வீட்டுக்காரர் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு லீவு. அந்தச் செவ்வாய் மூன்று பேரும் கிளம்பினோம். முதலில் போன கடையில் பேட்டரியில் ஓடும் பியானோவும், கொட்டடிக்கும் கரடியும்தான் வரிசையாக இருந்தன. கடைக்காரர் கரடியை முடுக்கிவிட்டதும் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஒரு சின்ன மேளத்தை எடுத்துக் கொடுத்தோம். தொடவே இல்லை. ஊதலை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். கிலுகிலுப்பை வாங்கலாம் என்றார் வீட்டுக்காரர். "அது கைப்பிள்ளைக்குள்ளது, இவ வளந்துட்டா" என்றேன் நான். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் ஜூ டவுனில், அந்தக் காலத்து யூதர் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். பித்தளை விளக்குக்கும் உடைந்த மரக்குதிரைக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் கிடந்தது. அதில் ஏணிப்படி மாதிரி நீளத்திலிருந்து குட்டை வரைக்கும் இரும்புத் தகடுகள். குச்சியால் தட்டினால் தகட்டுக்கு ஒரு சுரம் வரும். எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. ஐந்தாவது தகடு இருந்த இடத்தில் வெறும் பலகையும் இரண்டு ஆணித் துளையும்.

"அது வேண்டா மோளே, அதுல ஒண்ணு போயி" என்றார் இக்கா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரர், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக. "உள்ள புதுசு உண்டு." எட்டுத் தகடும் பளபளவென்றிருந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை அதைக் கையால் தள்ளிவிட்டாள். பழையதன் முன்னால் உட்கார்ந்து குச்சியை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு வெறும் பலகையில் ஒரு தட்டு. டொக் என்று செத்த சத்தம். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி. அப்புறம் லேசாகச் சிரித்துக்கொண்டு ஆறாவதைத் தட்டினாள்.

அவள் ஒரு பொருளைத் தானாக வேண்டுமென்று பிடித்தது அதுதான் முதல் தடவை. ஓட்டையாக இருந்தால் என்ன என்று பழையதையே வாங்கிக்கொண்டோம்.

கொச்சங்காடியில் எங்கள் வாடகை வீடு ஒரு பழைய கிடங்கை ஒட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர், முழங்கை நீளத்துக்குக் கனம். ஒரு காலத்தில் அங்கே சுக்கு மூட்டை அடுக்கியிருந்தார்களாம். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது பூட்டியேதான் கிடந்தது. பிள்ளை அந்தச் சுவரோரமாகத்தான் உட்கார்ந்து வாசிப்பாள். தினமும் மதியம் சாப்பிட்டதும், அதே வரிசையில். நான்கு சுரம், வெறும் பலகையில் ஒரு தட்டு, காத்திருப்பு, சிரிப்பு.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, நான் அடுக்களையில் கொழுவை மீன் கிள்ளிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. நான்கு சுரம் கேட்டது. பலகைத் தட்டு கேட்டது. அதன் பிறகு ஐந்தாவது சுரமும் கேட்டது.

மெல்லிய சத்தம். தூரத்தில் யாரோ ஸ்பூனால் டம்ளரைத் தொட்ட மாதிரி. ஆனால் நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே உட்காரவேண்டிய அதே சுரம். மீன் கையோடு போய்ப் பார்த்தேன். பிள்ளை சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நாள் முழுக்கக் கேட்டுக்கேட்டு உன் காதே அதைப் போட்டுக்குது" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை பலகையைத் தட்டிவிட்டு அவள் காத்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது. அவர் எழுந்து சுவரில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ உள்ள இருக்காங்க. பூட்டைத் திறந்து பாத்துருவோம்" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

கிடங்குச் சாவி, பக்கத்துத் தெருவில் மசாலாக் கடை வைத்திருந்த ஒரு சேட்டனிடம் இருந்தது. சுவரில் ஈரம் இறங்குகிறது, பார்க்கவேண்டும் என்று பொய் சொன்னோம். அன்று சாயங்காலமே அவர் வந்து திறந்தார். சுக்கு வாசனை இன்னும் போகவில்லை. உடைந்த ஓட்டு வழியாக ஒரு கீற்று வெயில். தரை முழுக்க மாவு சலித்துக் கொட்டினாற்போல் தூசி. அதில் ஒரு காலடி இல்லை. எலி ஓடிய தடம்கூட இல்லை. எங்கள் வீட்டுச் சுவரோரம் ஒரு ஆணியோ கம்பியோ எதுவும் கிடையாது.

என் இடுப்பிலிருந்த பிள்ளை இறங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அவள் சுவரின் அடிப்பக்கமாகக் குனிந்து, உள்ளங்கையை விரித்து நீட்டி, "தா" என்றாள்.

தெளிவாக, நிதானமாகச் சொன்னாள். இரண்டரை வருடம் நாங்கள் காத்திருந்த வார்த்தை.

"குட்டி என்ன பறஞ்சது?" என்று சேட்டன் கேட்டார்.

"தா-ன்னு கேட்டா" என்றார் வீட்டுக்காரர்.

"யாருகிட்ட?"

நான் பிள்ளையின் நீட்டிய கையை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். சேட்டன் வெளியே வந்து பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் எங்கள் வாசற்படி ஏறும்போது அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். பாதி அதுதான். மீதி, அந்த முதல் வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லையே என்பது.

அடுத்த லீவில் அவர் அதே கடைக்குப் போய், அன்றைக்குப் பிள்ளை தள்ளிவிட்ட புதியதை வாங்கிவந்தார். அதன் ஐந்தாவது தகட்டைக் கழற்றி, பழைய சட்டத்தில் இருந்த துளையில் முடுக்கினார். பிள்ளை வந்து உட்கார்ந்தாள். நான்கு சுரம். ஐந்தாவதில் குச்சி பட்டதும் கணீரென்று ஒலித்தது. அவள் திடுக்கிட்டாள். தகட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்தாள். அதன்பின் அதை எடுக்கவே இல்லை. சுவரிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

பேச்சு மட்டும் மளமளவென்று வந்தது. தா, வா, போ, அப்பா, அம்மா. மூன்று வயது முடிவதற்குள் தமிழும் மலையாளமும் கலந்து வாயே மூடமாட்டாள் என்றாகிவிட்டது. பயிற்சி கொடுத்த பெண், "நல்ல பொம்மையாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்று பாராட்டினார். சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றை வாசலோடு அனுப்பிவிட்ட மாதிரி எனக்குத்தான் உறுத்திக்கொண்டிருந்தது. மரச்சட்டத்தைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

இந்த வருடம் கிடங்கை யாரோ வாங்கிக் காபிக்கடை கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். கொத்தனார்கள் திண்டுக்கல் பக்கத்து ஆட்கள். மகள் இப்போது நர்சரி போகிறாள்; மாலைவரை அங்கேதான். நானும் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போகிறேன். பகலில் வீடு பூட்டியிருக்கும். போன வாரம் வேலை முடிந்து வரும்போது, என் வயதுள்ள ஒரு கொத்தனார் கிடங்கு வாசலில் கொத்துக்கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். ஊர்ப் பேச்சுக் கேட்டு நின்றேன்.

"இந்தப் பக்கத்து வீடு உங்களதாக்கா? உங்க பிள்ளை நல்லா வாசிக்குது" என்றார். "மத்தியானம் நாங்க சாப்பிட்டுத் தலையைச் சாய்க்கிற நேரம். நாலு தட்டு தட்டும், அப்புறம் நின்னுரும். அஞ்சாவது வரும் வரும்னு நாங்களும் கேட்டுக்கிட்டே இருப்போம். வராது. மறுபடி முதல்லேருந்து நாலு."

"தொந்தரவா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"சேச்சே, சின்னப்பிள்ளைதானே. உங்க பிள்ளைதானக்கா?"

"ஆமா" என்றேன். "எங்க வீட்டுப் பிள்ளைதான்."